சாரலில் கொதித்த கார்

எஞ்சினைத் திறப்பதற்கு முன்பு, அது எப்படிக் கெட்டது என்று நான்கு பேர் சொல்வதைக் கேட்டாக வேண்டும்; மோட்டார்ப் பட்டறைத் தொழிலின் முதல் துன்பம் அதுதான். நால்வரும் கண்ணால் கண்டவர்கள். நால்வரும் நல்லவர்கள். ஆனால் நால்வர் சொல்வதும் வெவ்வேறாக இருக்கும். பின்னாளில் நாட்டார் கதைப்பாடல்களின் பாடபேதங்களைத் தொகுப்பதில் என் காலம் கழிந்தது. ஒரே கதையை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் எப்படி மாற்றிச் சொல்கிறார்கள் என்று ஒப்பிடும் அந்த வேலைக்கு எனக்குப் பயிற்சி கிடைத்த இடம் நூலகம் அன்று. இரண்டாம் உலகப்போருக்குச் சில ஆண்டுகள் முன்பு தென்காசியில், செல்லையா அண்ணாச்சியின் பட்டறையில் நான் மெக்கானிக்காக இருந்த காலமே அது.

கார் வைத்திருந்து அவதிப்பட்டவர்களும், கார் வைத்திருப்பவர்களிடம் வேலை பார்த்து அதனினும் அவதிப்பட்டவர்களும் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள் என்று நம்புகிறேன். அந்நாளில் எனக்கு நேர்ந்த அதிர்ச்சிகளுள் பெரும்பாலானவை, கொதித்துப்போன எஞ்சின்களின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தவை.

உளுந்தங்களி

வடகரைத் தேங்காய் வியாபாரி ஒருவர் ஒருநாள் தம் காரோடு வந்து சேர்ந்தார். கார் அவரைக் கொண்டுவந்ததா, அவர் காரைக் கொண்டுவந்தாரா என்று சொல்ல இயலாத நிலை. முகப்பிலிருந்து ஆவி பறந்தது. காரின் முகத்தில் தேன்கூடு போல ஒரு தொட்டி இருக்கிறதல்லவா, அதுதான் ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், எதிர்க்காற்றுப் பட்டு அங்கே ஆறித் திரும்பவும் எஞ்சினுக்குள் போக வேண்டும். இவருடைய காரில் தண்ணீர் எங்கும் போகவில்லை. அடிக்குழாயைக் கழற்றினேன், ஒரு சொட்டும் இறங்கவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தேன். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒன்று இறங்கி, என் புறங்கையில் விழுந்து சுட்டது. ஒருகணம் எஞ்சினுக்கு உயிர் இருந்து, அதன் குடல்தான் சரிந்துவிட்டதோ என்று நடுங்கிப்போனேன்.

ரேடியேட்டரில் சிறு ஒழுக்கு இருந்ததாம். உளுந்து மாவைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று சந்தையில் யாரோ சொன்னார்களாம். ஒழுக்கின் அளவுக்கு மாவு போடாமல், தம் வசதியின் அளவுக்குப் போட்டிருக்கிறார். மலைப்பாதையில் ஏறும்போது அது பதமாக வெந்துவிட்டது. நான் கையை உதறிக்கொண்டு நிற்கையில், அவர் குனிந்து தரையில் கிடந்ததை விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்தார். முகத்தில் சிறிதும் வெட்கம் இல்லை.

“நல்லாத்தான் வெந்திருக்கு தம்பி. கருப்பட்டி போடாததுதான் கொற.”

மாடு இழுத்து வந்த மோட்டார்

அந்த ஆண்டுச் சாரல் பருவத்தில், ஆடி பிறந்த வாரம் என்று நினைவு, குற்றாலச் சாலையிலிருந்து ஒரு கார் இரண்டு வண்டிமாடுகள் இழுக்கத் தென்காசிக்குள் வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தவன் டிரைவர் இசக்கி. பின்னால் குதிரைவண்டியில் வந்தவர்கள் சிவகிரிப் பக்கத்துப் பண்ணையாரும் அவர் மனைவியும். அம்மையாரை ஊரார் பெரிய வீட்டு ஆச்சி என்பார்கள். பண்ணையார் அந்தக் காரைப் புதிதாக வாங்கி அப்போது நான்கைந்து மாதம்தான் ஆகியிருக்கும். ஊரில் அம்மன் கொடைத் திருவிழா முடிந்த கையோடு, ஐந்தருவியில் தீர்த்தமாடக் குடும்பத்தோடு புறப்பட்டவர்கள். ஐந்தருவியருகே கார் கொதித்து நின்றுவிட்டது.

பண்ணையார் வண்டியிலிருந்து இறங்கும்போதே தீர்ப்போடு இறங்கினார். இசக்கி தண்ணீர் ஊற்றாமல் ஓட்டி எஞ்சினைக் கொன்றுவிட்டான். பட்டறையில் அதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டு, போலீஸில் சொல்லி அவன் லைசென்ஸையும் பறித்துவிடுவார். அப்படி நடந்தால் சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் எவரும் அவன் கையில் ஒரு வண்டியைக் கொடுக்கமாட்டார்கள். அவனோ காரைவிட்டு இறங்காமல், நின்றுபோன காரின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். செல்லையா அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பண்ணையாரும் அவர் சம்பந்திமாரும் வைத்திருந்த வண்டிகள் அத்தனையும் எங்கள் பட்டறைக்குத்தான் வருபவை. பண்ணையார் என் தோளில் கைவைத்தார்.

“எஞ்சினத் தொறக்கதுக்கு முன்னாலயே நான் சொல்லுதேன் வேய், இவன் தண்ணி ஊத்தல. நீரு தொறந்து பாத்துட்டு அதையே சொல்லும்.”

வெந்நீர் கேட்டவன்

என்னை முதலில் உறுத்தியது வானிலை. வெயில் காய்ந்த சித்திரையில் ஒரு கார் கொதித்தால் வியப்பில்லை. இது சாரல் காலம். மலைக்காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொடுகிறது. அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடிய புதுக் கார் எப்படிக் கொதிக்கும்? இசக்கியைத் தனியே கேட்டேன். தென்காசியிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றான். பிறகு எப்படிக் கொதித்தது என்றேன். “சூடாச்சு அண்ணாச்சி. நின்னுட்டு” என்றான். எத்தனை முறை, எத்தனை விதமாகக் கேட்டாலும் அந்த இரண்டு சொற்கள்தாம். எதையோ மறைக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

பண்ணையார் மறைக்கவில்லை. இசக்கியின் மூளை எப்படிப்பட்டது என்பதற்கு அவரிடம் சான்று இருந்தது. ஐந்தருவியருகே கார் நின்று, ரேடியேட்டர் மூடியைப் பிய்த்துக்கொண்டு ஆவி கிளம்பிய நேரத்தில், இவன் என்ன செய்தான் தெரியுமா என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார். காப்பிக் கடைக்கு ஓடி, வெந்நீர் கொடு என்று கேட்டானாம். கூட்டம் சிரித்தது. நான் இசக்கியைத் திரும்பிப் பார்த்தேன். கொதித்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். ஆறும்வரை பொறுத்திருந்து, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே அறிந்த செய்தி. அதை அறிந்த ஒருவன் தண்ணீர் ஊற்ற மறந்திருப்பானா? பண்ணையார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவனெல்லாம் வீடு தீப்பிடிச்சா வெறகு வாங்கப் போற ஆளுவேய்!”

மோர்

மறுநாள் காலையில் எஞ்சினின் அடித்தொட்டியைத் திறந்து ஆயிலை இறக்கினேன். கருகரு என்று இறங்க வேண்டிய ஆயில், வெளுத்து நுரைத்து, தாளிக்காத மோர்க்குழம்பு போல வந்தது. இதைக் கண்டவர்களுக்குத்தான் அந்தத் திகில் தெரியும். ஆயிலும் தண்ணீரும் எஞ்சினுக்குள் தனித்தனி வழிகளில் ஓடுபவை. ஒன்றின் முகத்தை மற்றது பார்க்கக்கூடாது. இரண்டும் கலந்து கடையப்பட்டிருக்கிறது என்றால் உள்ளே எங்கோ சுவர் உடைந்திருக்கிறது. மேல்மூடிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள தகடு மட்டும் கருகியிருந்தால் மாற்றிவிடலாம். எஞ்சினின் உடலே வெடித்திருந்தால், பக்கத்து ஊர் எதிலும் அதற்கு மாற்று இல்லை.

செல்லையா அண்ணாச்சி நல்ல மனிதர். ஆனால் கெட்ட செய்தியைக் கண்டால் முதலில் கேலி செய்து பார்ப்பார், அது போகவில்லை என்றால்தான் கவலைப்படுவார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏலே, ஆயில எறக்கச் சொன்னா இங்கன மோர்ப்பந்தல் வச்சிருக்க?”

சுண்ணாம்பில் தெரிந்த கோடு

மேல்மூடியைக் கழற்றினேன். தண்ணீர் இல்லாமல் ஓடிய எஞ்சினாக இருந்தால் பிஸ்டன் வீங்கி இறுகியிருக்கும். சிலிண்டரின் உட்சுவரில் பூனை பிறாண்டியதுபோலக் கீறல்கள் இருக்கும். விரலால் தடவினேன். கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. கார் நிற்கும்வரை உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. இசக்கி சொன்னது உண்மை.

அப்படியானால் சுவர் எங்கே உடைந்தது? எஞ்சினின் உடல் முழுக்க மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியை மெல்லத் தூவினேன். இரும்பில் வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாகக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு புகைக்குழாய்ப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல ஒரு கறுப்புக் கோடு தோன்றிச் சாணளவு நீண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. வைத்தியன் நாடியைப் பிடித்திருக்கையிலேயே அது நின்றுபோனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. முதல்நாளே அந்தப் பக்கத்தில் ஒன்றை நான் கவனித்திருந்தேன். எஞ்சின் முழுவதும் படிந்திருந்த எண்ணெய் அழுக்கு அங்கே மட்டும் கோடுகோடாகக் கழுவப்பட்டிருந்தது. கொதித்துக்கொண்டிருந்த இரும்பின்மேல் யாரோ வெளியிலிருந்து குளிர்ந்த நீரைக் கொட்டியிருக்கிறார்கள். வெந்நீர் தேடிப் போனவன் அதைச் செய்திருக்க முடியாது.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்தார்.

“நீ சொல்லுதது சரிதாம்டே. அதப் பண்ணையாருட்டச் சொல்லுத அன்னைக்கு மட்டும் நான் சங்கரன்கோயிலுக்குப் போயிருப்பேன்.”

ஐந்தருவியில் கேட்டவை

ஊற்றியது யார் என்று அறிய ஐந்தருவிக்குப் போனேன். கார் நின்ற இடத்தைக் காட்ட அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் தேய்த்துவிடுபவர், கார் வெடித்து மூடி மரக்கிளையில் போய்த் தொங்கியது என்றார். காப்பிக் கடைக்காரர், புகை கறுப்பு என்றார்; அவர் மனைவி வெள்ளை என்றார்; அதைப் பற்றி அவர்களுக்குள் மூண்ட சண்டையை நான்தான் விலக்கிவைத்தேன். பண்ணையார் மயங்கி விழுந்தார் என்று ஒருவர் சொல்ல, விழவில்லை, உட்கார்ந்தார் என்று இன்னொருவர் திருத்தினார். இத்தனை வேறுபாட்டிலும் ஒரு செய்தி மட்டும் எல்லார் வாயிலும் மாறாமல் வந்தது: டிரைவர் ஓடிவந்து வெந்நீர் கேட்டான். கதை சொல்பவர்கள் தமக்குப் புரிந்த இடத்தை எல்லாம் தம் விருப்பப்படி திருத்திவிடுவார்கள். புரியாத இடத்தைத்தான் அப்படியே விட்டுவைப்பார்கள். பிற்காலத்தில் எத்தனையோ கதைப்பாடல்களில் இதைக் கண்டிருக்கிறேன். முதன்முதலில் கண்டது அந்தக் காப்பிக் கடை வாசலில்.

தெளிவாகப் பேசியவள் மங்குஸ்தான் பழம் விற்கும் மாடத்தி. “காரு சும்மாவா வந்திச்சு? பட்டுக் கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ள கணக்கால்லா வந்திச்சு!” என்று தொடங்கினாள். புதுக் காரின் பளபளப்பை அப்படி வருணிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். டிரைவர் வெந்நீருக்கு ஓடிய பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். பண்ணையார் ஆட்களை ஏவி, அருவித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவரச் செய்து, காரைக் குளிப்பாட்டினாராம். முகப்பில் ஊற்றினார்கள், பானட்டைத் திறந்து உள்ளே ஊற்றினார்கள், பக்கவாட்டில் ஊற்றினார்கள். குளிப்பாட்டினாரா என்று திரும்பக் கேட்டேன்.

“எண்ண மட்டுந்தான் தேய்க்கல மேஸ்திரி. சீயக்கா கேட்டிருந்தா அதையும் நாங்களே குடுத்திருப்போம்.”

சேறு படாத இடம்

வெடித்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கொதித்ததற்குக் காரணம் கிடைக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பி, காரின் எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைநாளில் நெடுந்தூரம் வந்த கார். விளக்குகளிலும் மட்கார்டுகளிலும் செஞ்சேறு அம்மைத் தழும்புபோல அப்பியிருந்தது. ரேடியேட்டரின் நடுவில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அந்தச் சுத்தமான பரப்புக்கு நேரான ஓரங்கள் இருந்தன. அருவி நீர் கழுவியிருந்தால் வழிந்த தடம் இருக்கும், ஓரம் இராது. எழுந்து அருகில் போனேன். தேன்கூட்டுக் கண்களுக்குள் வாடிய அரளி இதழ்கள் நெருக்கமாகச் செருகியிருந்தன. இதழ்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டு இழை. மாடத்தி வருணிக்கவில்லை, கண்டதைச் சொல்லியிருக்கிறாள்! கார் உண்மையாகவே முகத்தில் பட்டுக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. சிவகிரிப் பக்கத்திலிருந்து ஐந்தருவி வரைக்கும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. சூட்டைக் காட்டுவதற்கென்றே மூடியின்மேல் பொருத்தியிருந்த வெப்பமானிக் கண்ணாடியும் மாலைக்குள் மறைந்துபோயிருக்கிறது.

இசக்கியை அழைத்து இழையைக் காட்டினேன். இனி மறைக்க முடியாது என்று கண்டு, நடந்ததைச் சொன்னான். அம்மன் கொடையில் பண்ணையார் வீட்டுக்கு முதல் மரியாதையாக வரும் பரிவட்டப் பட்டை, இந்த ஆண்டு புதுக் காரின் நெற்றியில் கட்டியிருக்கிறார்கள். தீர்த்தமாடும்வரை அவிழ்க்கக்கூடாது என்பது வழக்கம். கடையநல்லூரில் ஒருமுறை, தென்காசியில் ஒருமுறை, அவிழ்த்துவிடட்டுமா என்று இவன் ஆச்சியைக் கேட்டிருக்கிறான். ஆச்சி கூடாது என்றுவிட்டார். ஐந்தருவியில் மூடி திறந்துகொண்டபோது துருநீர் பீறிட்டுப் பட்டெல்லாம் நனைந்தது. எல்லாரும் ஆவிக்குப் பயந்து விலகிய நேரத்தில் இவன் அதை அவிழ்த்துப் பார்த்திருக்கிறான். கறை இரத்தம்போல இருந்ததாம். யார் கண்ணிலும் படுமுன் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அம்மன் பட்டில் இரத்தக்கறை என்று பங்காளிகள் காதில் விழுந்தால், மரியாதையை அம்மனே மறுத்துவிட்டாள் என்பார்கள். அடுத்த கொடையில் அந்த வீட்டுக்கு முதல் மரியாதை இராது. இதைச் சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் உன் லைசென்ஸ் என்ன ஆவது என்றேன்.

“அது போனா நான் வண்டிமாடு பத்திப் பொழச்சிக்கிடுவேன் அண்ணாச்சி. மரியாத போனா அவுக எங்கன போயிப் பொழைப்பாக?”

பண்ணையாரின் தீர்த்தம்

பண்ணையாரும் ஆச்சியும் குதிரைவண்டியில் வந்தார்கள். ஆச்சி வண்டியைவிட்டு இறங்கவில்லை. செல்லையா அண்ணாச்சி சங்கரன்கோயிலுக்குப் போகவில்லை. டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தார். இசக்கி சுவரோரம் நின்றான். அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தபடி பட்டைப் பற்றிப் பேசாமல், வெடிப்பை மட்டும் வைத்தே அவனை விடுவித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். சிலிண்டரின் வழவழப்பைப் பண்ணையாரையே தடவிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே தண்ணீர் இருந்தது என்றேன். பிறகு கறுப்புக் கோட்டைக் காட்டி, எஞ்சின்மேல் வெளியிலிருந்து எவரேனும் தண்ணீர் ஊற்றினார்களா என்று கேட்டேன். அவர் தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

“எவனாவது ஊத்துனானாவா? நானே நின்னுல்லா ஊத்த வச்சேன்! மனுசன் ஒடம்புச் சூட்டயே நொடியில எறக்குத மூலிகத் தண்ணி வேய். இரும்பு எம்மாத்திரம்? தீர்த்தமாட்டுன மாதிரியும் ஆச்சு, சூடு தணிஞ்ச மாதிரியும் ஆச்சு” என்றார். சுற்றியிருந்தவர்களைப் பெருமையோடு பார்த்தார். எல்லாரும் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டயர் அடுக்கு மட்டும் லேசாக அசைந்தது. அவருடைய பார்வையும் மெல்லக் கோட்டுக்குத் திரும்பியது. தடதடவென்று தலையில் விழும் அருவிக்கும், கொதிக்கும் இரும்பில் விழும் குடத்துக்கும் என்ன வேறுபாடு என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலைக் கொண்டுபோய் வெடிப்பின்மேல் வைத்தார். வைத்த விரலை எடுத்துப் பார்த்தார். பிறகு பண்ணையார்கள் எல்லாருக்கும் வரும் அந்தக் குரல் திரும்பி வந்தது. “சரி. வெடிச்சது என்னால. கொதிச்சது யாரால? சாரல்ல ஒரு காரு கொதிக்குமா? அதுக்கு இவந்தான பதில் சொல்லணும்?”

என் கணக்கில் அந்தக் கேள்வி இல்லை. சொன்னால் அவனுக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் அவன் பிழைப்புப் போகும். இசக்கி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை ஆச்சி பார்த்துவிட்டார். குதிரைவண்டியிலிருந்து இறங்கி வந்து, காரின் முகத்தில் கையை வைத்தார். “நாந்தான். பரிவட்டத்த அவுக்கணும்னு இவன் ரெண்டு எடத்துல கேட்டான். நாந்தான் கூடாதுன்னேன். ஏலே இசக்கி, பட்டு எங்க?” இசக்கி, “பத்திரமா இருக்கு ஆச்சி” என்றான். “கறை பட்டிருக்கா?” அவன் தலையைக் குனிந்துகொண்டான். பண்ணையார் அதிர்ந்து மனைவியின் பக்கம் திரும்பினார். கூட்டம் நிற்கிறது, பேசாதே என்று கையைக் காட்டினார். ஆச்சி குரலைத் தாழ்த்தவில்லை.

“சாமி துணியில பட்ட கறைய ஆத்தா பாத்துக்கிடுவா. இவன் பேருல நாம பூசுத கறைய யாரு வந்து தொடைப்பா?”

மறு கொடை

மதராசிலிருந்து வேறு எஞ்சின் வந்து, கார் ஓடத் தொடங்கியது. இசக்கிதான் ஓட்டினான். பங்காளிகள் பேசத்தான் பேசினார்கள். கறை பட்ட பட்டை ஆச்சியே கோயிலுக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி அம்மன் காலடியில் வைத்துவிட்டதால், அந்தப் பேச்சு நீளவில்லை என்று கேள்விப்பட்டேன். பண்ணையார் எங்கள் பட்டறைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

அடுத்த ஆண்டுச் சாரலில் அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. முகத்தில் ஒன்றுமில்லை, தேன்கூடு திறந்து கிடந்தது. அந்த வீட்டுக்கு முதல் மரியாதை போய்விட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன். இசக்கி சிரித்துக்கொண்டே என்னைக் காரின் பின்பக்கம் அழைத்துப் போனான். அங்கே ஸ்டெப்னி டயரைச் சுற்றி, மாலையும் சிவப்புப் பட்டுமாகப் பரிவட்டம் முறையாகக் கட்டியிருந்தது. ஆச்சியின் ஏற்பாடாம், பூசாரி தயங்கியிருக்கிறார், ஆச்சி விடவில்லை. இசக்கி பட்டின் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“மொகத்துக்குக் காத்துதான் வேணும் அண்ணாச்சி. மரியாதைய முதுகு தாங்கிக்கிடும்.”

பட்டறையில் இருந்த காலம் முழுவதும் எத்தனையோ எஞ்சின்களின் சாவுக்குக் காரணம் கண்டு சொல்லியிருக்கிறேன். அவற்றைக் கொன்றவர்களுள், தம் காரின்மேல் அன்பில்லாதவர் என்று ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.